வீட்டுக்கு வந்த வைத்தியசாலை

புற்றுநோயாளி ஒருவரைக் காலையில் அழைத்து மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அவருடைய நோய்க்காலமும் அன்றே முடிந்ததாகக் கணக்கெழுதும் வழக்கம் செல்வந்த நாடுகளில் வேரூன்றியிருக்கிறது. புரொஸ்டேட் சுரப்பியினுள் கதிரியக்க விதைகளைப் பதிக்கும் சிகிச்சையை ‘ஒருநாள் வைத்தியம்’ என்று புகழ்வோர் பலர். இப்புகழ்ச்சி பாதி உண்மை. மறைக்கப்படும் மறுபாதியைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

விஞ்ஞானத்தின் மீது நமக்குக் குறையில்லை. 1898இல் இரேடியத்தைக் கண்டறிந்த கியூரி தம்பதியர், அதனைப் பிரித்தெடுக்கும் முறைக்குத் தனியுரிமை கோராது உலகுக்கே கொடுத்தனர். 1983இல் டென்மார்க்கின் ஹோல்ம் குழுவினர், கேளா ஒலியலைப் படத்தைப் பார்த்தபடியே ஊசிமூலம் விதைகளைச் சுரப்பியினுள் இடும் முறையை வெளியிட்டனர். அமெரிக்காவின் சியாட்டில் நகர வைத்தியர்கள் அதனை வளர்த்தெடுத்தனர். அரிசிமணியிலும் சிறிய விதைகள், பெரும்பாலும் 50 முதல் 100 வரை, உடலினுள் நிரந்தரமாகத் தங்குகின்றன. வயிற்றைக் கீறாமலே புற்றை அழிக்கும் இம்முறை மனித அறிவின் வெற்றியே.

ஆயின் அவ்விதைகளில் பெரிதும் பயன்படும் அயடீன் 125இன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 60 நாள். இரண்டு மாதங் கழிந்த பின்னும் கதிர்வீச்சிற் பாதி எஞ்சும். நான்கு மாதத்தில் கால்வாசி எஞ்சும். பத்து மாதம் சென்ற பின்பே அது முப்பத்திரண்டில் ஒரு பங்காகும். வைத்தியசாலையின் கதவைக் கடந்த பின்னரே சிகிச்சையின் பெரும்பகுதி நடைபெறுகிறது. நடைபெறும் இடம் நோயாளியின் வீடு.

அவ்வீட்டில் நடப்பது என்ன? இரவிற் பலமுறை எழவேண்டும். சலம் எரிச்சலோடு மெலிந்து வரும். சிலருக்கு அடைத்தே விடும், குழாய் இடநேரும். இத்தொல்லை முதல் வாரங்களில் ஏறிப் பல மாதங்களில் மெல்லத் தணியும். விதையேதும் வெளியேறியதோ என்று சலத்தை வடித்துப் பார்க்கவேண்டும்; கண்டால் விரலால் தொடாது கரண்டியால் எடுக்கவேண்டும். முதலிரு மாதங்கள் பேரக்குழந்தையை நெடுநேரம் மடியில் வைத்திருக்கலாகாது. கருவுற்ற மகளை அருகில் நெடுநேரம் அமர்த்தவும் கூடாது. இவற்றையெல்லாம் நினைவில் வைத்து, மருந்து கொடுத்து, விரிப்புகளைத் தோய்த்து, பக்கத்தில் விழித்திருப்பவள் பெரும்பாலும் மனைவி. அவளுடைய உழைப்பு எந்த வைத்தியசாலையின் செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை.

சிலர் சில நாட்களிலேயே தொழிலுக்குத் திரும்புகின்றனரே என்று கேட்கலாம். திரும்புகின்றனர், ஆனால் எத்தொழிலுக்கு? மேசையருகே அமர்ந்திருப்பவர் நினைத்தபோது எழுந்து செல்லலாம். அரைமணிக்கொருமுறை சலம் முட்டும் பஸ் சாரதி என்ன செய்வார்? தண்ணீர் குடிக்காமலே வண்டியோட்டுவார். அதனால் மேலும் வருந்துவார்.

அமெரிக்காவின் 1993ஆம் ஆண்டுக் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரம் அளிக்கிறது, சம்பளம் அளிப்பதில்லை. 50 பேருக்குக் குறைந்த தனியார் தொழிலகங்களை அது தொடுவதுமில்லை. தனியார்துறைத் தொழிலாளர் அனைவருக்கும் சம்பளத்துடன் நோய்விடுப்பை உறுதிசெய்யும் நாடளாவிய சட்டம் அங்கு இன்றுமில்லை. அணுவின் அரைவாழ்வை அளக்கத் தெரிந்த நாட்டுக்குத் தொழிலாளியின் ஓய்வுக்காலத்தை அளக்கத் தெரியாதா?

இங்கேதான் வெட்கம் முதலாளிக்குக் கைகொடுக்கிறது. உறுப்பின் பெயரைச் சொல்ல நாணுபவன் விடுப்புக் கேட்கவும் நாணுவான். ஆண்மை குன்றியதென்று பிறர் நகைப்பரோ என அஞ்சி வலியை விழுங்குவான். அவன் மௌனத்தைக் காட்டியே ‘குறையேதுமில்லை’ என்பர். இம்மௌனம் எந்நாட்டு ஆணுக்கும் பொது.

இது வீட்டு விஷயம் என்று ஒதுக்குவோருக்கு நாம் கூறுவது இதுவே: வைத்தியசாலையின் வேலையை வீட்டுக்கு அனுப்பியவர்கள் அதற்குரிய தாதியையும் சம்பளத்தையும் உடன் அனுப்பவேண்டும். விதையின் வேலை எத்தனை மாதமோ, அத்தனை மாதமும் அவ்வுரிமை நீடிக்கவேண்டும். நோயுற்றோர் வாய்திறந்து அதனைக் கேட்கட்டும். அவரோடு சேர்ந்து நாமும் கேட்போம்.