அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில்



2024 நவம்பர் 13 அன்று, சென்னை கிண்டியிலுள்ள கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், பணியிலிருந்த புற்றுநோய் மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். மருத்துவப் பணியாளரைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழகத்தில் 2008 முதலே தனிச்சட்டம் உண்டு. சட்டம் இருந்தும் கத்தி உள்ளே வந்தது. ஆகவே மருத்துவமனைகளில், விசேஷமாய் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில், காவலர் வேண்டும் என்பது நியாயமே. காயங்கட்டும் கைகள் அச்சத்தால் நடுங்கலாகாது.

ஆனால் அதே சீருடையைக் கண்டு அஞ்சுகிற வேறொருவரும் உண்டு. அவர் சாலையில் அடிபட்டவரைத் தூக்கிவருகிறவர். வழக்கு, சாட்சி என்ற பயத்தினால், ஆசாரியனும் லேவியனும் போனதுபோல விலகிப்போகிறவர்கள் பலர். இந்தப் பயத்தை நீக்கவே, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் உதவுகிறவரை 'நல்ல சமாரியன்' என்றே அழைத்துப் பாதுகாக்கிறது. பெயரையோ முகவரியையோ சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தலாகாது என்று அதன் விதிகள் கூறுகின்றன.

ஆதலால் வாசலில் நிற்கும் காவலர் ஆயுதத்தைத் தடுக்கட்டும். அடிபட்டவரைச் சுமந்துவருகிறவருக்கோ வழிவிடட்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. கூட்டமாய் உள்ளே நுழையாதிருப்போம். அங்கே முந்தி வந்தவருக்கல்ல, உயிருக்குப் போராடுகிறவருக்கே முதலிடம் என்பதை உணர்ந்து பொறுமையாய்க் காத்திருப்போம். எத்தனை காவலர் நின்றாலும், நம் கோபத்துக்கு நாமே காவல் வைத்தாக வேண்டும்.