செவியைப் பறிக்கும் ஔஷதம்

பிணி தீர்க்கும் ஔஷதமே புலனைக் கெடுக்குமாயின், அதனை எவ்வளவு ஜாக்கிரதையுடன் கையாள வேண்டும்! க்ஷயரோக சிகிச்சையின் சரித்திரம் இதை நமக்கு நன்கு உணர்த்துகிறது.

1943-இல் அமெரிக்காவில் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைஸின் எண்ணற்ற உயிர்களைக் காத்தது மெய்யே. ஆயினும் அதுவும், அதன் இனத்தைச் சேர்ந்த கானமைஸின், அமிகாஸின், ஜென்டாமைஸின் முதலியனவும், உட்செவியில் மயிரிழை போன்றுள்ள உணர்வணுக்களை அழிக்க வல்லவை. மாண்ட அவ்வணுக்கள் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. ஆஸ்பிரினை மிகுதியாக உட்கொள்வதால் வரும் காதிரைச்சல், மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் நீங்கிவிடும். இவ்வூசிகளால் போன செவிப்புலனோ பெரும்பாலும் திரும்புவதில்லை.

சாதாரண மருந்துகளுக்கு மசியாத க்ஷயத்துக்கு இவ்வூசிகள் மாதக்கணக்கில் போடப்பட்டு வந்தன. பிழைத்தும் செவியிழந்தோர் பலர். "வேறு வழியில்லை" என்பதே அவர்களுக்குக் கூறப்பட்ட சமாதானம். 2012-இல் பெடாகுயிலின் மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி அளித்தபின் அச்சமாதானம் வலுவிழந்தது. 2018-இல் உலக சுகாதார ஸ்தாபனமும் கானமைஸினைக் கைவிட்டு, பெடாகுயிலினுக்கு முதலிடம் தருமாறு கூறிற்று.

ஆனால் அம்மாத்திரையின் தனியுரிமை ஜான்சன் அண்ட் ஜான்சன் என்னும் அந்நியக் கம்பெனியின் வசம் இருந்தது. 2023 ஜூலையில் முடியவேண்டிய அவ்வுரிமையை, மருந்தின் உப்பு வடிவம் ஒன்றைக் காட்டி 2027 வரை நீட்டிக்கக் கம்பெனி முயன்றது. க்ஷயத்தினின்று மீண்டு, சிகிச்சையினால் செவியிழந்த இருவர் இதனை எதிர்த்தனர். ஒருவர் நம் நாட்டு நந்திதா வெங்கடேசன். மற்றவர் தென்னாப்பிரிக்காவின் பூமேஸா டிசிலே. 2023 மார்ச்சில் நமது பேடண்ட் அலுவலகம் கம்பெனியின் விண்ணப்பத்தை நிராகரித்தது. காது கேளாதவரின் முறையீடு சர்க்காரின் காதில் விழுந்தது!

இத்துடன் கடமை தீர்ந்ததென்று கருதலாகாது. ஜென்டாமைஸினும், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டினும் இன்றும் தேவைப்படுகின்றன. அவற்றை ஒழிக்குமாறு நாம் கோரவில்லை. இத்தகைய சிகிச்சைக்கு முன்னும் இடையிலும் செவிப் பரிசோதனை நடத்தவேண்டும். அதற்கான கருவியும் ஆளும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இருக்கவேண்டும். அபாயத்தை நோயாளிக்குத் தாய்மொழியில் விளக்கவேண்டும். இவையே நம் கோரிக்கைகள். நோயாளிகளும் மருந்தைத் தாமாக நிறுத்திவிடாமல், காதிரைச்சலோ தலைச்சுற்றலோ தோன்றியவுடன் வைத்தியரிடம் தெரிவிக்கவேண்டும்.

"உயிர் பிழைத்தாயே, செவி போனாலென்ன?" என்று ஏழையிடம் கேட்கும் உரிமை எந்தச் சர்க்காருக்கும் கிடையாது.