அறுவை சிகிச்சைக்கான ஆயத்தம் குடும்ப மருத்துவரிடம் தொடங்கட்டும்

நாள் குறித்து, உள்நோயாளியாகச் சேர்ந்து, இரவு முழுவதும் வெறும் வயிற்றோடு காத்திருந்த ஒருவரிடம், ‘இன்று உங்களுக்கு அறுவை சிகிச்சை செய்ய இயலாது’ என்று காலையில் தெரிவிப்பது, மயக்கவியல் மருத்துவர்களாகிய எங்கள் பணியில் மிகவும் கடினமானது. உடன் வந்த மகன் கூலியை இழந்து வந்திருப்பார். மகள் தன் குழந்தைகளை உறவினர் வீட்டில் விட்டு வந்திருப்பார். நோயாளியோ அச்சத்தை அடக்கி, மனத்தைத் திடப்படுத்திக்கொண்டிருப்பார்.

இவ்வாறு தள்ளிவைக்க நேரும் காரணங்கள் பெரும்பாலும் பழகியவையே: கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், உயர்ந்த சர்க்கரை, அதுவரை கண்டறியப்படாத ரத்தசோகை, உரிய நாளில் நிறுத்தப்படாத மாத்திரை. இவற்றுள் எதுவும் ஓர் இரவில் தோன்றியதன்று. சில வாரங்களுக்கு முன்பே கண்டறிந்து சீர்செய்திருக்கலாம். அதற்கு ஏற்ற இடம், நோயாளியைப் பல்லாண்டுகளாக அறிந்த குடும்ப மருத்துவரின் கிளினிக்கே. ஆகவே, அறுவை சிகிச்சைக்கு முந்தைய மதிப்பீட்டில் குடும்ப மருத்துவர்களுக்கு முறையான பயிற்சி அளிக்கப்பட வேண்டும். அப்பயிற்சியை அளிக்கும் பொறுப்பை எங்களைப் போன்ற சிறப்பு மருத்துவர்கள் ஏற்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

ரத்த அழுத்தத்தையே எடுத்துக்கொள்வோம். அறுவை அரங்கின் வாயிலில், பதற்றத்தின் நடுவே அளக்கப்படும் அளவு ஒருவரின் இயல்பான அளவைக் காட்டுவதில்லை. பிரித்தானிய, அயர்லாந்து மயக்கவியல் மருத்துவர்கள் சங்கமும் பிரித்தானிய உயர் ரத்த அழுத்தச் சங்கமும் இணைந்து 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை ஏற்றுக்கொள்கிறது. முந்தைய 12 மாதங்களில் குடும்ப மருத்துவர் பதிவுசெய்த அளவு 160/100-க்குக் குறைவாக இருந்தால், மருத்துவமனையின் முன்மதிப்பீட்டுப் பிரிவு மீண்டும் அளக்க வேண்டியதில்லை என்கிறது அது. ஊர் மருத்துவர் எழுதித்தரும் ஒரு வரிக்கு அத்தனை மதிப்பு உண்டு.

மற்றவற்றுக்கும் காலமே முதன்மையானது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையை மாத்திரையால் சரிசெய்யச் சில வாரங்களாகும். சர்க்கரை நோய்க்குத் தரப்படும் டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவற்றை அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 3 நாள்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். தவறினால், சர்க்கரை அளவு இயல்பாகத் தோன்றும்போதே ரத்தத்தில் அமிலம் பெருகக்கூடும். குளோபிடோக்ரெல் மாத்திரையைப் பல அறுவை சிகிச்சைகளுக்கு முன் 5 முதல் 7 நாள்கள் நிறுத்துவதுண்டு. ஆனால் அண்மையில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் அதை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அங்கே இதய மருத்துவரைக் கலந்தே முடிவெடுக்க வேண்டும். இந்த வேறுபாடுகளைக் கற்பிப்பதுதான் பயிற்சியின் நோக்கம்.

‘இது உங்கள் வேலையன்றோ? நெரிசலான கிளினிக்கின் மீது ஏன் சுமத்துகிறீர்கள்?’ என்று குடும்ப மருத்துவர்கள் கேட்டால், அக்கேள்வி நியாயமானதே. மயக்க மருந்து தரலாமா என்ற இறுதி முடிவும் அதன் பொறுப்பும் எங்களுடையவையே, அவை மாறப்போவதில்லை. நாங்கள் வேண்டுவது, எங்கள் புறநோயாளிப் பிரிவில் அவர்கள் சில நாள்கள் எங்களுடன் அமர்வதும், ஐயம் எழும்போது தொலைபேசியில் எங்களை அழைப்பதுமே. இரண்டு மாடிப் படிகள் ஏறுவதற்குள் மூச்சு வாங்குபவரையும், உறக்கத்தில் உரத்த குறட்டையோடு மூச்சுத் தடைப்படுபவரையும், குடும்பத்தில் யாருக்கேனும் மயக்க மருந்தால் சிக்கல் நேர்ந்தவரையும் முன்கூட்டியே எங்களிடம் அனுப்ப அப்பயிற்சி உதவும். நல்ல உடல்நிலையில் உள்ள இளைஞருக்குச் சிறு அறுவை சிகிச்சையென்றால், மார்பு எக்ஸ்ரேயும் இசிஜியும் பொதுவாகத் தேவையில்லை என்பதும் பாடத்தில் அடங்கும். அது உங்கள் செலவைக் குறைக்கும்.

எங்கள் பக்கமும் குறை உண்டு. நாங்கள் குடும்ப மருத்துவருக்கு நேரடியாகக் கடிதம் எழுதுவது அரிது. அவருக்குத் தெரிந்ததை அவரிடம் கேட்பது அதனினும் அரிது. பயிற்சி என்பது ஒருவழிப் பாதையாக இருக்கலாகாது.

இவையெல்லாம் நடைமுறைக்கு வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அறுவை சிகிச்சை வேண்டுமென்று சொல்லப்பட்ட அதே வாரத்தில் உங்கள் குடும்ப மருத்துவரைப் பாருங்கள். சித்த, நாட்டு மருந்துகள் உட்பட, உட்கொள்ளும் அனைத்தையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். ரத்த அழுத்த, சர்க்கரை அளவுகளை எழுதி வாங்கி எங்களிடம் கொண்டுவாருங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த ஒரு தாள், உங்கள் வீட்டார் இரண்டாம் முறை பேருந்து ஏறி வரும் நிலையைத் தவிர்க்கக்கூடும்.