கதவைத் தட்டுகிறவர்கள்

வாசலில் யாராவது "அம்மா!" என்று குரல் கொடுத்தால், அவர் கொண்டு வந்தது இன்னதென்று சொல்லுமுன்பே, "ஒன்றும் வேண்டாம், போய் வா!" என்ற பதில் உள்ளேயிருந்து புறப்பட்டுவிடுகிறது. டெலிபோனில் தெரியாத எண் வந்தால் எடுக்கவே கூடாதென்று குழந்தைகளுக்கும் உபதேசித்து வைத்திருக்கிறோம்.

இந்தச் சந்தேகம் காரணமின்றிப் பிறந்ததன்று. பாங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி இரகசிய எண்ணைக் கேட்பவர்களும், போலீஸ் அதிகாரி போல் மிரட்டி, "உம்மை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்" என்று பணம் பறிப்பவர்களும் மலிந்துவிட்டார்கள். அப்படியொரு கைது நம் தேசத்துச் சட்டத்தில் எங்கும் கிடையாது. படித்தவர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள் என்றால், தனியாயிருக்கும் வயோதிகர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

சர்க்கார் சும்மா இருந்துவிடவில்லை. வேண்டாத அழைப்புகளைத் தடுக்க 2007-ல் ஒரு பதிவேடு ஏற்பட்டது. இப்போது 1909 என்ற எண்ணில் தடை கோரலாம். விளம்பர அழைப்புகளை 140 என்றும், கணக்கு சம்பந்தமான அழைப்புகளை 1600 என்றும் தொடங்கும் எண்களிலிருந்தே செய்ய வேண்டுமென்று, 2025 ஜனவரியில் ரிஸர்வ் பாங்கு கட்டளையிட்டது. நேரடி விற்பனைக் கம்பெனிகளின் ஆட்கள் அடையாளச் சீட்டு வைத்திருக்க வேண்டும், முன்கூட்டிச் சம்மதம் பெறாமல் வீட்டுக்கு வரக்கூடாது என்பது 2021-ஆம் வருஷத்து விதி. பணம் பறிபோய்விட்டால், உடனே 1930-க்குத் தெரிவிக்க வேண்டும். தாமதிக்குந்தோறும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

இவ்வளவும் சரி. ஆனால் மோசக்காரன் செய்த குற்றத்துக்குத் தண்டனை அனுபவிப்பவர் யார்? வெயிலில் ஜவுளி மூட்டையைத் தூக்கிவரும் ஏழை வியாபாரிதான்! கடையநல்லூர் நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். தறியில் நெய்த துணி தானாக நடந்து போய் விலையாகிவிடாது. யாரோ ஒருவர் சுமந்து போய் விற்றாக வேண்டும்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். இவ்வூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் முஸ்லிம் குடும்பங்கள் பல சிங்கப்பூர் சென்று குடியேறின. கூலி வேலையும் சில்லறை வியாபாரமும் செய்து பிழைத்தன. அங்கே அவர்களும் அந்நியர்களே. அவர்களிடம் காசு கொடுத்துச் சாமான் வாங்க ஜனங்கள் அஞ்சியிருந்தால், 1941-ல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அங்கே தோன்றியிருக்குமா? 1946-ல் அந்தச் சங்கத்தார் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியிருக்க முடியுமா?

அப்படியானால், நல்லவரையும் மோசக்காரனையும் எப்படிப் பிரித்தறிவது? நேர்மையான வியாபாரி சரக்கை முன்னால் விரிப்பார்; தொட்டுப் பார்க்கச் சொல்வார்; "இன்று வேண்டாமென்றால் அடுத்த வாரம் வருகிறேன்" என்பார். தவணைக்குக் கொடுத்தாரானால், திரும்பி வந்துதானே தீர வேண்டும்! மோசக்காரனுக்கோ ஒரே அவசரம். "இந்த நிமிஷமே பணம் அனுப்பு, யாரிடமும் சொல்லாதே" என்பான். நாளைக்கு அவனைத் தேடினால் முகமுமில்லை, முகவரியுமில்லை.

ஆகவே, அவசரப்படுத்துகிறவனிடம் பேச்சை முறித்துக் கொள்ளுங்கள், தாட்சண்யம் வேண்டாம். காத்திருக்கச் சம்மதிப்பவரிடம் நிதானமாக விசாரியுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் இந்த வித்தியாசத்தைச் சொல்லி வையுங்கள். சரக்கு வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்ல உங்களுக்குப் பூரண உரிமை உண்டு. அதைச் சொல்லும்போது ஒரு செம்பு தண்ணீரும் கொடுத்தால் குறைந்து போவது ஒன்றுமில்லை.