கம்பத்தில் தொங்கும் கண்ணாடி

1990-களில் டெலிபோன் கேட்டுப் பதிவு செய்தவருக்கு முதலில் கிடைத்தது ஒரு வரிசை எண். டெலிபோன் வந்து சேர ஆண்டுக்கணக்கில் ஆனது. கேட்டவுடன் டெலிபோன் என்பதை 1997-க்குள் நடத்திக் காட்டுவதாக 1994-ம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை வாக்குக் கொடுத்தது. 1997 வந்தது, போனது. வரிசை நின்றபாடில்லை.

இன்று ஃபைபர் பிராட்பேண்ட் கேட்பவருக்கு வரிசை எண் கிடையாது. காலையில் செல்போனில் பெயரைப் பதிந்தால், மாலையில் மோட்டார் சைக்கிளில் கேபிள் சுருளை மாட்டிக்கொண்டு ஓர் இளைஞர் வாசலில் நிற்கிறார். அல்லது நிற்பதே இல்லை. 'உங்கள் இடத்துக்கு ஃபீஸிபிலிட்டி இல்லை' என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் வருகிறது. இத்தனைக்கும் பக்கத்து வீட்டில் அதே கம்பெனியின் இணைப்பு மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த ஃபீஸிபிலிட்டி என்ற சொல் என்னவோ விஞ்ஞானம் சம்பந்தப்பட்டதுபோல் ஒலிக்கிறது. பெரும்பாலும் அப்படி ஒன்றுமில்லை. வீட்டுக்கு வரும் ஃபைபர் என்பது தலைமுடி அளவு பருமனுள்ள கண்ணாடி இழை. அதன் நடுவே ஒளி ஓடும் பாதை சுமார் 9 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரை நூறாகக் கூறு போட்டால் அதில் ஒரு கூறுக்கும் குறைவு. (ஃபைபர் ஆப்டிக்ஸ் என்ற பெயரையே 1960-ல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. மோகாவாசிகளுக்கும் அதற்காகச் சலுகை எதுவும் கிடையாது.) எக்ஸ்சேஞ்சிலிருந்து புறப்படும் ஒரே இழை, வழியில் ஸ்ப்ளிட்டர் என்ற சின்னப் பெட்டிகளில் கிளை பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் வேண்டாம். வரும் ஒளியைப் பங்கு போட்டுக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. தெருமுனைப் பெட்டியில் 8 வாய்கள் இருந்தால், எட்டு வீடுகளோடு அந்தப் பந்தி நிறைந்துவிடும். ஒன்பதாவதாக வருகிறவருக்கு 'ஃபீஸிபிலிட்டி இல்லை'.

இன்னொரு பெட்டி வைத்தால் இருக்கும். ஆனால் ஒரே ஒரு வீட்டுக்காகப் பெட்டி வைப்பது கம்பெனிக்குக் கட்டாது. ஆக, இது தொழில்நுட்பப் பிரச்னை அல்ல, கணக்குப் பிரச்னை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-ல் வகுத்த தர விதிகள், 15 வேலை நாட்களுக்குள் பிராட்பேண்ட் இணைப்பு தரவேண்டும் என்றன. தொழில்நுட்பச் சாத்தியம் இருந்தால் என்ற நிபந்தனையோடு. அந்தச் சந்தில் லாரியே ஓட்டலாம். விவரம் தெரிந்த தெருக்காரர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து விண்ணப்பிக்கிறார்கள். மறு வாரமே சாத்தியம் பிறந்துவிடுகிறது.

சரி, இணைப்பு கிடைக்கும் என்றாகிவிட்டது. அது எந்த வழியாக வரப்போகிறது? பணம் கட்டும் முன் யாரும் கேட்காத கேள்வி இது. பதில், பல நகரங்களில் ஒன்றுதான்: ஆகாய மார்க்கமாக. 1990-களின் தொடக்கத்தில் சாட்டிலைட் டி.வி. வந்தபோது, கேபிள் ஆபரேட்டர்கள் மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து மரத்துக்கு மரம், மாடிக்கு மாடி வயரை இழுத்தார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்பதற்கு அப்போது சட்டமும் சரியாக இல்லை, கேபிள் டி.வி. சட்டம் 1995-ல்தான் வந்தது. அந்தப் பாதைகளில்தான் இன்று கண்ணாடி இழை பயணம் செய்கிறது. பல இடங்களில் அதே ஆபரேட்டர்தான் இன்று கம்பெனியின் 'உள்ளூர் பார்ட்னர்'. எந்த வீட்டு மாடியில் கால் வைக்கலாம், எந்த வீட்டில் நாய் இருக்கிறது, எந்த வீட்டுப் பாட்டி வயரைக் கண்டால் அரிவாள்மணையைத் தேடுவார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். தலைமை அலுவலகத்து வரைபடத்தில் இவை எதுவும் இல்லை.

ஆகாய மார்க்கத்துக்கு ஆபத்துகள் உண்டு. வாரணாசியில் கங்கைக் கரையோரம் இழுத்த ஃபைபர் கேபிள்களைக் குரங்குகள் கடித்துத் தின்ற செய்தி 2015-ல் உலகம் முழுவதும் சிரிப்பாகப் படிக்கப்பட்டது. பூமிக்கடியில் போடலாம் என்றால், காசியின் சந்துகளில் தோண்ட இடமில்லை.

சிரிக்க முடியாத செய்திகளும் உண்டு. 2025 ஆகஸ்டில் ஹைதராபாத் ராமந்தாபூரில் கிருஷ்ண ஜெயந்தி ஊர்வலத்தின்போது தேரில் மின்சாரம் பாய்ந்து 5 பேர் இறந்தார்கள். மின்கம்பங்களில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் கேபிள்கள் மீது எல்லோர் பார்வையும் திரும்பியது. மின் விநியோக நிறுவனத்தின் ஊழியர்கள் ஏணியும் வெட்டுக்கத்தியுமாகப் புறப்பட்டார்கள். நகரின் பல பகுதிகளில் இன்டர்நெட் நின்றது. வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு சிக்னலுக்காக மாடியேறினார்கள். கம்பெனிகள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. பெங்களூரிலும் மின் நிறுவனமான பெஸ்காம் 2024-ல் கெடு வைத்து, அனுமதியில்லாமல் தன் கம்பங்களில் ஏறியிருந்த கேபிள்களை அகற்றியது.

கண்ணாடியில்தான் மின்சாரம் பாயாதே, அப்புறம் ஃபைபர் எப்படி ஆபத்தாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இழையில் பாயாது. ஆனால் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும்போது அறுந்துவிடாமல் இருக்க, பல கேபிள்களில் இழைக்குத் துணையாக எஃகுக் கம்பியையும் சேர்த்தே உறை போடுகிறார்கள். அந்த எஃகில் தாராளமாகப் பாயும். எஃகுக்குப் பதிலாகக் கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக் வைத்த கேபிளும் கடையில் கிடைக்கிறது. வீட்டுக்கு இழுக்க வருகிறவரிடம் 'உள்ளே எஃகா, பிளாஸ்டிக்கா' என்று கேட்பதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. மின்கம்பி பக்கத்தில் போகும் பாதை என்றால் கட்டாயம் கேட்க வேண்டும்.

மின்வாரியங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கம்பம் ஏறும் லைன்மேனின் உயிர் அந்தச் சிக்கலுக்குள்தான் தொங்குகிறது. ஆனால் பத்து வருடம் பார்த்தும் பாராமல் இருந்துவிட்டு, ஒரு சாவுக்குப் பிறகு ஒரே வாரத்தில் வெட்டித் தள்ளுவது நிர்வாகம் அல்ல, கோபம். எந்தக் கேபிள் யாருடையது என்று ஒரு தகட்டில் எழுதிக் கட்டச் சொல்லி, வாடகை வசூலித்து, செத்துப்போன பழைய வயர்களை முதலில் கழற்றியிருந்தாலே கம்பத்தின் பாரம் வெகுவாகக் குறைந்திருக்கும். கம்பத்தில் தொங்குவதில் எத்தனையோ எவருக்கும் பயன்படாத பழைய கேபிள் டி.வி. வயர்கள். அவற்றைக் கழற்றக் கூலி தருவார் யாருமில்லை.

மண்ணுக்கடியில் புதைப்பதுதான் சரியான வழி. செலவுதான் தடை, அதைவிடப் பெரிய தடை, சாலை ஒருவருடையது, சாக்கடை இன்னொருவருடையது, நடைபாதை மூன்றாமவருடையது என்பது. வழி உரிமைக்காக 2016-ல் முதல் முறையாக மத்திய விதிகள் வந்தன. 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் எழுதிய புதிய விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இணையதளம் வழியே விண்ணப்பம், பதிலுக்குக் காலக்கெடு என்று எல்லாம் இருக்கிறது. ஆனால் விண்ணப்பம் போட்டுத் தோண்டுவது பிரதான லைனுக்குத்தான். தெருமுனைப் பெட்டியிலிருந்து வீட்டு ஜன்னல் வரையுள்ள நூறு மீட்டருக்கு யாரும் விண்ணப்பம் போடுவதில்லை. அது பழையபடி மாடி வழியாகவே வருகிறது.

அடுக்குமாடிகளில் வேறு கதை. அங்கே கேபிள் போகும் குழாய் உண்டு; அதன் சாவி சங்கச் செயலாளரிடம் உண்டு. மும்பை, பெங்களூர், குர்காவ்ன் என்று எங்கும் புழங்கும் ஏற்பாடு இது: ஒரு கம்பெனி சங்கத்துக்கு ஏதோ ஒரு வகையில் 'நன்கொடை' தருகிறது, மற்ற கம்பெனிகளுக்குக் கதவு சாத்தப்படுகிறது. இருநூறு குடித்தனங்களும் அந்த ஒன்றோடுதான் குடும்பம் நடத்தவேண்டும். இப்படி ஒருவருக்கு மட்டும் ஏகபோகம் தரக்கூடாது, கட்டடத்துக்குள் உள்ள வசதியை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று டிராய் 2017 ஜனவரியிலேயே பரிந்துரைத்தது. 2024 அக்டோபரில் கட்டடங்களின் டிஜிட்டல் வசதிக்கு நட்சத்திரத் தரம் தரும் விதிமுறைகளைக் கொண்டுவந்தது. நட்சத்திரம் வேண்டுமா என்பது கட்டடக்காரர் விருப்பம். தண்ணீர்க் குழாயைப் பற்றி அப்படி யாரும் சொல்வதில்லை.

நகரத்தின் நூறு மீட்டர், கிராமத்தில் கிலோமீட்டராகிறது. இரண்டரை லட்சம் ஊராட்சிகளை இழையால் இணைக்கும் திட்டத்துக்கு 2011-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2015-ல் அதற்கு பாரத்நெட் என்று பெயர் மாறியது. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்கித் திட்டத்தைத் திருத்தி அமைத்தார்கள். இழை ஊராட்சி அலுவலகம் வரை வந்துவிட்ட ஊர்கள் ஏராளம். அங்கிருந்து வீட்டுக்குப் போகும் வழிதான் பல ஊர்களில் இன்னும் திறக்கவில்லை. 2024 இறுதியில் நாட்டில் செல்போன் வழியாக பிராட்பேண்ட் பெறுகிறவர்கள் சுமார் 90 கோடி. வயர் வழியாகப் பெறுகிறவர்கள் சுமார் 4 கோடிதான். செல்போன் டவருக்கு ஒரு இடம் போதும். வயருக்கு ஒவ்வொரு வாசலும் ஓர் இடம்.

வீட்டுக்குள் வந்த பிறகு வேலை ஒரு மணி நேரம்தான். இழையின் முனையைச் சீவி, இரண்டு முனைகளையும் ஒரு சின்ன மின்பொறியால் உருக்கி ஒட்டுகிறார்கள். பார்க்க வேண்டிய காட்சி. அதன் பிறகு பவர் மீட்டரை மாட்டி வந்து சேரும் ஒளியை அளக்கிறார்கள். திரையில் மைனஸ் 20, மைனஸ் 22 என்று ஏதோ ஒரு எண் வரும். மைனஸ் 27-ஐ நெருங்கினால் எல்லையில் தொங்குகிறது என்று பொருள். முதல் மழைக்கே படுத்துவிடலாம். அந்த எண்ணைக் கேட்டு, பெட்டியின் பின்புறத்தில் தேதியோடு எழுதி வைக்கும் வீட்டுக்காரர் புத்திசாலி. ஆறு மாதம் கழித்து வேகம் குறைந்தால், குற்றம் வயரிலா வீட்டு வைஃபையிலா என்ற வாதத்தை அந்த ஒற்றை எண்ணே தீர்த்துவிடும்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதை வருகிறவர் தன் சௌகரியப்படி தீர்மானிக்க விடக்கூடாது. விட்டால் வாசலுக்கு அருகில் உள்ள மூலையில், முடிந்தால் இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார். கேபிள் அவருடையது, நேரமும் அவருடையது. வைஃபை எட்டாத படுக்கையறை மட்டும் வீட்டுக்காரருடையது. இழையைக் கதவிடுக்கில் நெரிக்கவிடுவதும், செங்குத்தாக மடக்கி ஆணி அடிப்பதும் ஆகாது. மடங்கிய இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும்.

இன்னொன்று, பழைய டெலிபோன்காரர்கள் கவனிக்க வேண்டியது. தாமிரக் கம்பி டெலிபோனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் போன் பேசியது. கண்ணாடியில் அது வராது. கரண்ட் போனால் பெட்டி அணையும், அதோடு வீட்டு போனும் ஊமையாகும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் பெட்டிக்கென்று ஒரு சின்ன பேட்டரி யூனிட் வாங்கி வைப்பது ஆடம்பரம் அல்ல.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவில்லை என்று அர்த்தம். எங்கோ ஒரு லாரி கேபிளை இழுத்துக்கொண்டு போயிருக்கும், அல்லது யாரோ தீபாவளிக்கு மாடியைச் சுத்தம் செய்திருப்பார்கள். கம்பெனியின் இலவச எண்ணில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட, இணைத்துவிட்டுப் போன இளைஞரின் செல்போன் எண் அப்போது அதிகம் உதவும். அவர் வந்து அறுந்த முனையைச் சீவி மறுபடி ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்குக் கேபிளில் நீளம் வேண்டும். இணைக்கும்போது அவர் வெளிச் சுவரில் ஒன்றிரண்டு மீட்டரை வளையமாகச் சுற்றித் தொங்கவிடுவது அதற்காகத்தான். பார்க்க லட்சணமாக இல்லை என்று பல வீடுகளில் அந்த வளையத்தை வெட்டி எடுத்துவிடச் சொல்கிறார்கள். வெட்டிய வீட்டில் அடுத்த முறை தெருமுனைப் பெட்டியிலிருந்து புதுக் கேபிள் இழுக்கவேண்டி வரும். அதே மாடிகள், அதே பாட்டி.