திரைக்கு அப்பால் ஒரு வைத்தியர்

ஓர் ஊரின் பெயர் வசைச்சொல்லாக மாறுவது அவ்வூருக்கு நேரும் துர்ப்பாக்கியங்களுள் ஒன்று. கொழும்புக்கு அணித்தாகவுள்ள அங்கொடை அவ்வாறாயிற்று. வடமராட்சியிலே மந்திகை அவ்வாறாயிற்று. கடலுக்கு அப்பால், சென்னையிலே, கீழ்ப்பாக்கம் என்று சொன்னாலும் கேட்பவர் புன்னகைக்கின்றனர். இம்மூன்று ஊர்களும் செய்த குற்றம் யாது? மனம் நொந்தவர்களுக்கு வைத்தியம் செய்ய இடங்கொடுத்தமை ஒன்றே. அங்கொடை வைத்தியசாலை 1926ஆம் ஆண்டில் ஏற்பட்டது. இன்று அது தேசிய மனநல நிறுவகம் என வழங்குகின்றது. பெயர்ப்பலகையை மாற்றலாம், ஊராரின் நாவை மாற்றுதல் அத்துணை எளிதன்று. "இவனை அங்கொடைக்கு அனுப்பவேணும்" என்று வகுப்பறையில் ஒரு மாணவன் மற்றொருவனைச் சுட்டிச் சொல்லுங்கால், எல்லோரும் நகைக்கின்றனர். நகைப்பவர் நடுவே, பல நாட்களாக இரவு முழுதும் உறக்கம் வராத ஒரு பையன் இருக்கலாம். அவனும் சேர்ந்தே நகைப்பான். தன் வருத்தத்தை எவரிடமும் வாய்விடலாகாது என்னும் பாடத்தை அவன் அன்றே கற்றுக்கொண்டுவிடுவான்.

பெரு நகரத்திலாயின் ஒருவர் மற்றவர் அறியாமல் வைத்தியரிடம் போய்வரலாம். சிறு பட்டினத்தில் அது நடவாத காரியம். வைத்தியசாலையில் துண்டு எழுதுபவர் சின்னம்மாவின் மைத்துனராயிருப்பார். மருந்துக் கடைக்காரர் தகப்பனாருடன் ஒரே வாங்கில் இருந்து படித்தவர். மனநலக் கிளினிக் எந்த நாளில் நடைபெறுகின்றது என்பது ஊருக்குத் தெரியும். அந்நாளில் அந்த விறாந்தையில் அமர்ந்திருந்தவர் யார் யார் என்பதும் மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். வீட்டில் மணம் பேச ஒரு பெண்பிள்ளை இருந்தால், பெற்றோரின் அச்சத்தைச் சொல்லவும் வேண்டுமா?

ஆதலினாலேதான், கைத்தொலைபேசித் திரையிலே மனநோய் வைத்திய நிபுணரைக் கண்டு பேசும் முறை நம்மவரிடையே பரவத் தொடங்கியுள்ளமை நமக்கு வியப்பளிக்கவில்லை. "இது நம்பத்தக்கதா, ஆசிரியரே?" என்று பெற்றோர் சிலர் நம்மிடம் வினவியுள்ளனர். வினாவுக்கு விடை கூறுமுன், இம்முறை எங்கே, எவ்வாறு தோன்றியது என்பதைச் சிறிது நோக்குவோம்.

இது இணையம் வந்தபின் முளைத்த புதுமை என எண்ணுவோர் உளர். அன்று. அமெரிக்க நாட்டின் நெப்ராஸ்கா மாநிலத்திலே, சிசில் விற்சன் என்னும் மனநோய் வைத்தியர் 1959ஆம் ஆண்டிலேயே இருவழித் தொலைக்காட்சியை இப்பணிக்குப் பயன்படுத்தத் தலைப்பட்டார். 1964ஆம் ஆண்டில், ஒமாஹா நகரத்து நிலையத்துக்கும் 112 மைல் தொலைவிலுள்ள நோர்போக் என்னும் சிறு பட்டினத்து மனநல வைத்தியசாலைக்கும் இடையே அத்தகைய தொடர்பு ஏற்படுத்தப்பட்டது. நிபுணர்கள் நகரத்தில் இருந்தனர். நோயாளர் நாட்டுப்புறத்தில் இருந்தனர். நமது குறையும் அதுவே.

திரையிற் பார்த்துச் செய்யும் வைத்தியம் நேரிற் பார்த்துச் செய்வதற்கு ஈடாகுமா என்பதையும் ஆராய்ந்து பார்த்துள்ளனர். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 495 நோயாளரை இரு கூறாகப் பிரித்து, ஒரு கூறினருக்கு நேரிலும் மற்றக் கூறினருக்குத் திரைவழியாகவும் வைத்தியம் செய்தனர். முடிவு 2007ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இரு கூறினரும் ஏறத்தாழ ஒரே அளவில் நலமடைந்திருந்தனர். திரைவழிக்குச் செலவு குறைவு. ஆதலின், நம்பத்தக்கதா என்று கேட்போருக்கு, ஆம், நம்பலாம் என்றே நாம் கூறுகின்றோம். ஆனால் திரை மட்டும் போதுமா என்பது வேறு வினா. அதைத்தான் பெற்றோர் கேட்க மறக்கின்றனர்.

இதற்கு நல்ல விடையொன்று தமிழகத்திலே கிடைத்தது. கீழ்ப்பாக்கம் மனநல வைத்தியசாலையின் தலைமைப் பொறுப்பைப் பல்லாண்டு வகித்தவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதற் பெண் மனநோய் வைத்தியர் எனப் போற்றப்பெற்றவர். 2021ஆம் ஆண்டில் மறைந்தார். அவ்வம்மையார் 1984ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவிய ஸ்கார்ப் என்னும் நிறுவனம், 2010ஆம் ஆண்டளவில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பஸ் வண்டியை ஓடவிட்டது. பிரயாணிகளுக்கான பஸ் அன்று. உள்ளே நோயாளர் அமர்ந்து பேசுவதற்கு ஒரு சிறு அறை. அவ்வறையில் ஒரு திரை. திரையில், ஏறக்குறைய 400 கிலோமீற்றருக்கு அப்பால் சென்னையில் இருக்கும் வைத்தியரின் முகம். அதே வண்டியில் ஒரு மருந்தறையும் இருந்தது. வைத்தியர் சொல்லும் மருந்தை நோயாளர் அங்கேயே விலையின்றிப் பெற்றுக்கொண்டு இறங்கினர். மனநோய் பற்றிய படங்களையும் ஊராருக்குக் காட்டினர். எல்லாவற்றினும் மேலாக, உள்ளூரிலே பயிற்சி பெற்ற பணியாளர் இருந்தனர். யார் வீட்டில் யார் நோயுற்றிருக்கிறார் என்று தேடியறிந்தவரும், மருந்தை நிறுத்தியவரின் படலையைத் தட்டியவரும் அவர்களே.

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். அந்தப் பஸ்ஸில் திரை ஒரு பங்குதான். மருந்து, தனியறை, அருகிலே ஓர் ஆள் என்னும் மூன்றும் சேர்ந்தபோதே அது வைத்தியமாயிற்று. நம் வீடுகளில் கைத்தொலைபேசி உண்டு. மற்றைய மூன்றும் உண்டா?

நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் செய்தியை, அவர்களின் சம்மதம் பெற்று, அடையாளம் மறைத்து இங்கே எழுதுகின்றோம். வன்னியில் ஒரு சிறு பட்டினம். உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாம் முறை ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த மகள், சில மாதங்களாகக் குளிப்பதையும் பேசுவதையும் குறைத்துக்கொண்டாள். அயல் வீட்டார் சுவருக்கு அப்பால் நின்று தன்னைப் பற்றி இழிவாகப் பேசுவது கேட்கிறது என்றாள். பெற்றோர் நூல் கட்டினர், நேர்த்தி வைத்தனர், செய்வினை என்று ஒருவர் சொல்ல, அதற்கும் பணம் செலவழித்தனர். கோயிலுக்குப் போனமையை நாம் குறைகூற மாட்டோம். தாயின் மனத்துக்கு அது தந்த ஆறுதல் பெரிது. ஆயினும், வைத்தியரிடம் போகலாகாது என்று எந்தத் தெய்வமும் விதித்ததில்லை. எட்டு மாதங்கள் இவ்வாறே கழிந்தன.

பின்னர், கனடாவிலுள்ள தாய்மாமன் பணம் செலுத்தி, கொழும்பிலே தமிழ் பேசும் நிபுணர் ஒருவரைத் திரைவழி காண ஒழுங்குசெய்தார். முதல் நாள் கைத்தொலைபேசியைச் சுற்றி ஐந்து பேர் அமர்ந்திருந்தனர். "தங்கச்சி, நித்திரை வருகுதா?" என்று வைத்தியர் கேட்டார். "வருகுது டொக்டர், நல்லா வருகுது," என்றார் பெரியம்மா. "உங்கட நித்திரையைப் பிறகு கேட்கிறன் அம்மா," என்று சொல்லி, வைத்தியர் எல்லோரையும் எழுந்து போகச் சொன்னாராம். எழுந்து போயினர், பெண் அப்போதும் வாய் திறக்கவில்லை. சுவருக்கு அப்பால் ஆட்கள் நின்று கேட்கின்றனர் என்று நம்புகிறவள் அச்சுவருக்கு அருகிலிருந்து எவ்வாறு பேசுவாள்? வைத்தியர் அதனை உய்த்துணர்ந்து, கைத்தொலைபேசியுடன் முற்றத்து மாமரத்தின் கீழ்ப் போய் இருக்கும்படியும், தாயார் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிற்கும்படியும் கூறினார். அங்கே நாற்பது நிமிடம் பேசினாள்.

இங்கே ஒரு செய்தியை இடையிட்டுச் சொல்லவேண்டும். அந்நிபுணர் தமிழ் பேசுபவராய் இருந்தமை சிறு காரியமன்று. "ஒரே யோசனை" என்று நம்மவர் ஒருவர் சொன்னால், அதனைச் சிந்தனை என்று மொழிபெயர்ப்பவர் பொருளைத் தவறவிட்டுவிடுவார். கவலை நெஞ்சை அரிக்கின்றது என்பதே அதன் பொருள். "நெஞ்சு பாரம்", "தலைக்குள்ளே விறைப்பு" என்பனவும் அத்தகையனவே. மொழிபெயர்ப்பாளராக ஒரு தாதியையோ தகப்பனாரையோ நடுவில் நிறுத்தும்போது, சொல்லவேண்டியவற்றுள் பாதி சொல்லப்படாமலே நின்றுவிடும். அருகில் உள்ள வைத்தியர் நம் மொழி அறியாதவராயின், தொலைவிலுள்ளவரைத் தேடிக்கொள்ள இம்முறை வழிசெய்கின்றது. இவ்வொன்றுக்காகவே நாம் இதனை வரவேற்போம்.

மீண்டும் அக்குடும்பத்துக்கு வருவோம். வைத்தியர் எழுதிய மருந்து பட்டினத்துக் கடையில் இல்லை. தகப்பனார் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போய் விலை கொடுத்து வாங்கிவந்தார். அம்மருந்து அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாய் வழங்கப்படுவது. வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் வைத்தியசாலை இருந்தது. அங்கே மனநலக் கிளினிக்கும் இருந்தது. 2004ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பின்னர், மனநலப் பயிற்சி பெற்ற வைத்திய அதிகாரிகளை மாவட்டந்தோறும் நியமிக்க எடுத்த முயற்சியின் பலன் அது. கையெட்டும் தூரத்தில் இருந்த அக்கதவைத் தவிர்க்கும்பொருட்டே இவர்கள் திரையை நாடினர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

மூன்றாம் மாதம் பெண் சிரித்துப் பேசினாள். சுகம் வந்துவிட்டது என்று எண்ணி, வைத்தியருக்கு அறிவியாமலே மருந்தையும் பேச்சையும் நிறுத்திவிட்டனர். ஆறு வாரத்தில் நோய் முன்னிலும் கடுமையாய்த் திரும்பிற்று. அப்போது அந்நிபுணர் கண்டிப்பாகச் சொன்னார்: "நான் பேசுவன். ஆனால் கிட்ட இருந்து பார்க்க ஒரு ஆள் வேணும். கடிதம் தாறன், உங்கட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

கொண்டு போயினர். உள்ளூர் வைத்திய அதிகாரி இரத்தப் பரிசோதனை செய்வித்தார். வீட்டுக்கு வந்துசென்ற தாதி, இரண்டு காரியங்களைக் கண்டார். மருந்தினால் பெண்ணின் கைகள் நடுங்கின. நடையிலே ஒரு விறைப்பு இருந்தது. திரையில் முகம் மட்டுமே தெரிந்தமையால் கொழும்பிலிருந்தவர் இவற்றைக் கண்டிலர். மற்றையது, மெத்தைக்கு அடியிலே விழுங்கப்படாத குளிசைகள் பதினேழு. நடுக்கத்துக்கு அஞ்சியே அவள் அவற்றை ஒளித்திருந்தாள். செய்தி கொழும்புக்குப் போயிற்று. மருந்தின் அளவு மாற்றப்பட்டது. இப்போது அவள் மாதம் ஒருமுறை கிளினிக் கொப்பியுடன் அந்த விறாந்தையில் அமர்கின்றாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிபுணரும் திரையில் வருகின்றார். ஊர் பேசிற்றா என்று தாயாரைக் கேட்டோம். "பேசிச்சுது. ரெண்டு கிழமை பேசிச்சுது," என்றார்.

திரைவழி வைத்தியம் நாடுவோருக்குச் சில சொல்லுவோம். பேசப்போகிறவர் இலங்கை மருத்துவச் சபையிற் பதிவுபெற்ற வைத்தியர்தானா என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள். இனிமையாகப் பேசுவோர் எல்லாரும் வைத்தியர் அல்லர். பேசத் தொடங்கும்போதே, நீங்கள் இருக்கும் இடத்தையும், அவசரமாயின் அழைக்கவேண்டிய அயலவர் ஒருவரின் இலக்கத்தையும் வைத்தியரிடம் கொடுத்துவிடுங்கள். நல்ல வைத்தியராயின் அவரே கேட்பார். கைத்தொலைபேசியைச் சற்றுத் தள்ளி வைத்து, கைகளும் தெரியும்படி அமருங்கள். எழுந்து நான்கு அடி நடந்து காட்டச் சொன்னால் நாணாது நடவுங்கள். மதுவின் மணம் திரையிற் போகாது. ஆகவே குடிப்பவர் அதனை வாயினாற் சொல்லியே ஆகவேண்டும். உளச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து தன் பயனைக் காட்டச் சில வாரங்கள் செல்லும். முதற் கிழமையிலேயே "ஒன்றும் செய்யவில்லை" என்று எறிந்துவிடுவோர் பலர்.

பிள்ளை பேசும்போது கதவுக்கு வெளியே நில்லுங்கள். காது கொடாதீர்கள். இது பெற்றோருக்கு மிகக் கடினம் என்பதை நாம் அறிவோம். பரீட்சைப் புள்ளிகளைக்கூட ஒளிவுமறைவின்றிக் கேட்டுப் பழகியவர்கள் நாம்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருவர் வாயிலிருந்து வந்தால், அல்லது பல நாள் உணவும் உறக்கமுமின்றி ஒருவர் தன்னிலை இழந்திருந்தால், திரைக்காகக் காத்திருத்தல் கூடாது. அண்மையிலுள்ள வைத்தியசாலைக்கே உடனே கொண்டுசெல்லவேண்டும். தனியே விடவும் கூடாது. என்ன செய்வதென்று தெரியாது திகைப்போர் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்தை இரவோ பகலோ அழைக்கலாம். அதற்குத் திரையும் வேண்டாம், கனடாவில் மாமனும் வேண்டாம். சாதாரணத் தொலைபேசியே போதும்.