பெட்டி பெரிசு, தட்டு சிறிசு

போகிக்கு நாலு நாள் இருக்கும்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கு வந்தது. வாதி என் மருமகள். பிரதிவாதி, கூடத்து அலமாரியின் கீழ்த்தட்டு முழுவதையும் அடைத்துக் கொண்டிருந்த சினிமா டி.வி.டி. பெட்டிகள்.

"இதையெல்லாம் போட்டுப் பார்த்து எத்தனை வருஷமாச்சு, அத்தை? பழைய பேப்பர்க்காரர் வாசலில் நிற்கிறார். தூக்கிக் கொடுத்துடட்டுமா?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். இப்போது படம் பார்க்க வேண்டுமென்றால் கைப்பேசியைத் தடவினால் போதும். இருந்தாலும், ஒரு காலத்தில் ஆசை ஆசையாகப் பணம் கொடுத்து வாங்கிய சாமான் ஆயிற்றே! "ஒரு நாள் வாய்தா கொடு, அம்மா" என்று கேட்டு வாங்கிக் கொண்டேன்.

அன்று மத்தியானம் ஒவ்வொரு பெட்டியாக எடுத்துத் தூசி தட்டும்போதுதான் ஒரு விஷயம் தெளிவாயிற்று. நாம் ஒரு சாமான் வாங்கியதாக நினைத்துக் கொண்டிருந்தோம். உண்மையில் வாங்கியது மூன்று. ஒன்று, ஜோரான பெட்டி. இரண்டு, பெட்டிக்குள் வைத்த இனாம். மூன்று, படம் உள்ள தட்டு. மூன்றுக்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்தோம். இவற்றில் எது எத்தனை நாள் உழைத்தது? அந்தக் கணக்கைத்தான் இந்த வாரம் போட்டுப் பார்க்கிறேன்.

முதலில் பெட்டி. டி.வி.டி. தட்டின் குறுக்களவு 12 சென்டிமீட்டர்தான். அதற்குச் செய்த பிளாஸ்டிக் உறையோ 19 சென்டிமீட்டர் உயரம்! ஏன் இந்த அநியாயம் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? காரணம் கடைக்காரருடைய அலமாரி. டி.வி.டி. அமெரிக்காவில் 1997-ல் விற்பனைக்கு வந்தபோது, கடைகளில் வீடியோ காஸெட்டுக்கு என்று அலமாரிகள் இருந்தன. அதே உயரத்துக்கு உறையைச் செய்துவிட்டால் புது அலமாரி அடிக்க வேண்டாம். தூரத்திலிருந்து பார்த்தாலும் படம் பளிச்சென்று தெரியும். பாட்டு சி.டி. விஷயத்திலும் அமெரிக்காவில் இதே கதைதான். பழைய கிராமபோன் தட்டுகளின் தட்டிகளில் நிற்க வேண்டும் என்பதற்காக, சின்ன சி.டி.யை ஓரடி உயர அட்டைப் பெட்டியில் வைத்து விற்றார்கள். கடையிலிருந்து வந்ததும் அட்டை நேரே குப்பைக்குப் போயிற்று. வீண் செலவு என்று கூச்சல் எழுந்த பிறகு 1993-ல் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள்.

ஆகையால், சகோதரிகளே, பெட்டியின் அளவு உள்ளே இருப்பதைக் காட்டுகிறது என்று மட்டும் நம்பி விடாதீர்கள்!

பெட்டியே பொம்மையாக மாறிய காலமும் உண்டு. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகம் 2002 ஆகஸ்டில் இரண்டு தட்டுகளாக வந்தது. படம் 178 நிமிஷம். அதே வருஷம் நவம்பரில் 208 நிமிஷத்துக்கு நீட்டிய பதிப்பு நாலு தட்டுகளில் வந்தது. அதிலேயே இன்னும் விலை கூடிய பரிசுப் பெட்டி ஒன்று; அதில் புத்தகங்கள் சாயாமல் நிறுத்தி வைக்க இரண்டு ராஜா சிலைகள்! அடுத்த பாகத்தோடு ஒரு சிலை, அதற்கடுத்த பாகத்தோடு ஒரு கோட்டை. ரசிகர்கள் மூன்று வருஷமும் வாங்கினார்கள். நீட்டிய பதிப்பு வரப் போகிறது என்பதை ஆகஸ்டுத் தட்டிலேயே முன்னோட்டமாகக் காட்டியிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பொறுமை இருந்தவர்களுக்கு ஒரு செலவு. அவசரக்காரர்களுக்கு இரண்டு செலவு. புடவைக் கடையில் நாம் படும் பாடுதானே இது!

அடுத்தது இனாம். இந்தக் கதை காஸெட்டுக் காலத்திலேயே தொடங்கி விட்டது. 1980-களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் ஒரு சினிமாக் காஸெட் ஏறக்குறைய 80 டாலர். வாடகைக் கடைக்காரர்கள் வாங்குவதற்காக வைத்த விலை அது. குடும்பங்களும் வாங்க வேண்டுமென்றால் விலை இறங்க வேண்டும். 1987-ல் 'டாப் கன்' காஸெட்டை 26.95 டாலருக்கு விற்றார்கள். எப்படிக் கட்டிற்று? படம் தொடங்குமுன் பெப்ஸி பானத்தின் விளம்பரம் ஒன்றைக் காஸெட்டிலேயே சேர்த்து விட்டார்கள்! மறு வருஷம் 'ஈ.டி.' காஸெட் 24.95 டாலருக்கு வந்தது. அதற்குப் பெப்ஸிக் கம்பெனியாரே 5 டாலர் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். திருட்டுக் காஸெட்டைச் சட்டென்று கண்டுபிடிக்க, அசல் காஸெட்டின் மடிப்பைப் பச்சைப் பிளாஸ்டிக்கில் செய்திருந்தார்கள். பெட்டிக்கும் நிறத்துக்கும் உருப்படியான வேலை கொடுத்ததற்கு அது ஒரு நல்ல உதாரணம்.

'பணம் திருப்பித் தருகிறோம்' என்ற சலுகையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடையில் முழு விலையையும் கொடுக்க வேண்டும். பிறகு ரசீதையும் அட்டைத் துண்டையும் வெட்டி, கவரில் போட்டு, கெடு தாண்டுமுன் தபாலில் சேர்க்க வேண்டும். மறந்து போனவர்களுடைய பணம் கம்பெனியிலேயே தங்கிவிடும். மறதி என்பது மனிதருக்கு இயற்கை. அதை நம்பியே ஒரு கணக்கு!

'இப்போது விட்டால் கிடைக்காது' என்பது இன்னொரு தந்திரம். டிஸ்னி கம்பெனியார் தங்கள் பழைய சித்திரப் படங்களைக் கொஞ்ச காலம் மட்டும் விற்பார்கள். பிறகு பெட்டகத்தில் வைத்துப் பூட்டி விட்டதாக அறிவித்து, பல வருஷம் கழித்துத் திறப்பார்கள். குழந்தை வளர்வதற்குள் வாங்க வேண்டுமே என்று தாய்மார்கள் ஓடினார்கள். 2019 நவம்பரில் அந்தக் கம்பெனியே இணையத்தில் படம் காட்டும் சேவையைத் தொடங்கிற்று. பெட்டகத்தில் பூட்டிய பழைய படங்கள் அங்கே வரிசையாக வந்து உட்கார்ந்து விட்டன!

இனாம்களில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது சங்கேத எண் அச்சடித்த சீட்டு. 2011-ல் 'அல்ட்ராவயலட்' என்ற ஏற்பாடு அமெரிக்காவில் தொடங்கிற்று. பெட்டியை வாங்கினால் உள்ளே ஒரு சீட்டு. அதிலுள்ள எண்ணைக் கொடுத்தால் அதே படம் இணையத்திலும் உங்கள் கணக்கில் சேரும். பல பெரிய ஸ்டூடியோக்கள் சேர்ந்து நடத்திய ஏற்பாடு. டிஸ்னி மட்டும் சேரவில்லை. 2019 ஜூலை 31-ந் தேதி அது மூடப்பட்டு விட்டது. ஆறு மாதத்துக்கு முன்பே அறிவிப்புக் கொடுத்தார்கள். வேறு கடைக் கணக்கோடு இணைத்து வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் படங்கள் பிழைத்தன. அறிவிப்பைப் பார்க்காதவர்கள் கதி? சீட்டு வெறும் சீட்டாயிற்று. ஆனால் அதே பெட்டியில் இருந்த தட்டு, பாவம், ஒன்றும் அறியாததுபோல் ஓடிக் கொண்டுதான் இருந்தது!

நம் ஊரில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். 2007-ல் மோசர் பேர் கம்பெனியார் வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று விற்கத் தொடங்கினார்கள். தமிழ்ப் படங்களும் அதில் வந்தன. அந்த விலையில் சிலைக்கும் கோட்டைக்கும் ஏது இடம்? திருட்டுத் தட்டின் விலைக்கே அசல் தட்டு கிடைத்தது. அதுவே பெரிய சலுகை. அந்தக் கம்பெனியைக் கலைக்க 2018-ல் உத்தரவாயிற்று. நம் வீட்டில் இருக்கும் தட்டுகளை அந்த உத்தரவு ஒன்றும் செய்யவில்லை.

'மூன்று படம் ஒரே தட்டில்' என்ற சலுகைக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஒரு தட்டில் இவ்வளவுதான் கொள்ளும் என்று அளவு உண்டு. ஒரு படி பாத்திரத்தில் மூன்று படி மாவு நிற்குமா? படத்தை நசுக்கித்தான் அடைக்க வேண்டும். திரையில் முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தொலைக்காட்சிப் பெட்டியைத் தட்டாதீர்கள்!

சரி, தட்டாவது சிரஞ்சீவியா? அதுவும் இல்லை. 2006 முதல் 2008 வரை தயாரான தங்கள் டி.வி.டி.க்களில் சில பழுதாகக் கூடும் என்று வார்னர் பிரதர்ஸ் கம்பெனியாரே 2025-ல் ஒப்புக் கொண்டு, பழுதானவற்றை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். கடையில் வாங்கும் அச்சுத் தட்டுக்கே இப்படி. வீட்டிலோ ஸ்டூடியோவிலோ பதிவு செய்து கொடுக்கும் தட்டு சாயப் பூச்சில் எழுதியது. வெயிலும் புழுக்கமும் அதற்கு இன்னும் சீக்கிரம் எமனாகும்.

இந்த இடத்தில்தான் எங்கள் வழக்கில் புதிய சாட்சி ஒன்று வந்தது. தங்க எழுத்துப் போட்ட ஒரு பெரிய பெட்டியின் அடியில் வெள்ளைக் காகித உறை ஒன்று செருகியிருந்தது. அதன் மேல் பால்பாயிண்ட் பேனாவால் 'அப்பா சதாபிஷேகம், 2006' என்று என் கணவரின் கையெழுத்து. என் மாமனார் இப்போது இல்லை. அவர் குரல் எங்களிடம் வேறு எதிலும் கிடையாது.

பழைய பிளேயரைத் துடைத்துப் போட்டோம். இரண்டு தடவை திக்கிற்று. மூன்றாவது தடவை, "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று அவர் பந்தியில் விசாரித்துக் கொண்டு வந்தார். அவரைப் பார்த்தே இராத என் பேத்தி, "தாத்தா மாதிரியே பேசறாரே!" என்றாள். மருமகள் ஒன்றும் பேசாமல் எழுந்து போய், வாசலில் கட்டி வைத்திருந்த மூட்டையை அவிழ்த்தாள்.

அன்றிரவே அதைக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, பென்டிரைவில் ஒரு பிரதி என்று எடுத்து வைத்தான் என் பிள்ளை.

தீர்ப்பு இதுதான்: மறுபடி பார்ப்போம் என்று தோன்றும் படங்களின் தட்டுகள், மெல்லிய உறையில் மாறி அலமாரியில் தங்கின. அட்டைப் பெட்டிகள் எடைக்குப் போயின. பிளாஸ்டிக் உறைகளை மறுசுழற்சிக்குக் கொடுத்தோம். போகி நெருப்பில் போடவில்லை. அந்தப் புகை குழந்தைகளுக்கு ஆகாது. பிளேயரை மட்டும் கொடுக்கவில்லை. அது இல்லாவிட்டால் தட்டு வெறும் தட்டுத்தானே?

உங்கள் வீட்டிலும் இந்த மாதிரி மூட்டை கட்டும் நாள் வரும். கட்டுமுன் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, அடி வரையில் பார்த்து விடுங்கள். விலை உயர்ந்த பெட்டிக்குள் விலையே இல்லாத ஒன்று இருந்தாலும் இருக்கும்.